மஞ்சள் பையில் ரத்தமா?

நேயர்களுக்கு வணக்கம்.

டெங்குக் காலம் வந்துவிட்டால் ரத்த வங்கி ஜன்னலில் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டி, “டாக்டர், பேரனுக்கு ரத்தம் கேட்டால் சாத்துக்குடிச் சாற்றைக் கொடுக்கிறார்களே!” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் என்றால் சிவப்பு, அளவு என்றால் ஒரு பாட்டில் என்றே பேசிப் பழகிவிட்டோம். கண்ணாடி பாட்டில் போய் எத்தனையோ காலம் ஆகிறது. சொல் மட்டும் போகவில்லை.

தானமாக வந்த 450 மில்லி ரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டுப் பிரிக்கிறோம். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா. ரத்தம் உறைய உதவும் தட்டணு என்கிற பிளேட்லெட்டும் தனியே கிடைக்கும். ஒரே உடம்பில் ஓடியவைதான், ஆனால் வெளியே வந்ததும் மூன்றுக்கும் மூன்று சுபாவம். சிவப்பணு 2 முதல் 6 டிகிரிக் குளிரில் 42 நாள் வரை இருக்கும். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருடம் தாங்கும். பிளேட்லெட்டுக்கோ குளிரே ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், தொட்டில்போல ராப்பகலாக ஆடும் தட்டில் கிடக்க வேண்டும். அப்படியும் ஆயுள் 5 நாள்தான். தீபாவளிக்குத் தொடர்ந்து விடுமுறை விட்டால் எங்களுக்கு முதலில் கையைக் கடிப்பது அதுதான்.

பெரியவர் கையிலிருந்தது பிளேட்லெட் பை. பிளாஸ்மாவில் மிதப்பதால்தான் அந்த மஞ்சள். அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினேன். உள்ளே ஊதுபத்திப் புகைபோலச் சுருள் சுருளாக ஓடியது. அப்படி ஓடினால் தட்டணுக்கள் நலமாக இருக்கின்றன என்று பொருள். அவர் சமாதானமாகி, “போகிற வழியில் ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?” என்றார். பதறிப்போய்த் தடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எண்ணிக்கை 80,000 என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டார் பிளேட்லெட்டுக்கு ஊரெல்லாம் அலைகிறார்கள். டெங்குவில் ரத்தக்கசிவு இல்லாமல், எண்ணிக்கை 10,000க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் அதை ஏற்ற வேண்டியதில்லை. உடம்பின் நீர்ச்சத்தைக் கவனிப்பதுதான் முக்கிய வைத்தியம்.

1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைக் கண்டு சொல்லும்வரை ரத்தம் ஏற்றுவது சூதாட்டமாக இருந்தது. இன்று பிரிவு பார்க்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மலேரியா எல்லாம் சோதிக்கிறோம். இவ்வளவுக்குப் பிறகும் பிரிவு மாறி ஏறினால், பெரும்பாலும் காரணம் ஆள் மாறாட்டம். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பார்கள். “நீங்கள் லட்சுமிதானே?” என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்கள் பெயர் என்ன?” என்றுதான் கேட்க வேண்டும். நர்ஸ் நாலாவது முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஏற ஆரம்பித்த முதல் 15 நிமிடம் பக்கத்தில் இருப்பவர் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பாருங்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், அரிப்பு எது வந்தாலும் உடனே குரல் கொடுங்கள். நர்ஸ் வந்ததும் முதலில் குழாயை மூடுவார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வணக்கம்.