கருணை மனு இப்போது யார் மேசையில்?

வணக்கம். கருணை மனுவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வக்கீல், கொடுத்த நேரத்துக்குள் முடித்த சரித்திரம் கிடையாது, பார்ப்போம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பட்டாவுக்கு, முதியோர் பென்ஷனுக்கு. கொடுத்த மறுநாளிலிருந்து ஒரே கேள்விதான்: அது இப்போது யார் மேசையில் இருக்கிறது? தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கருணை மனு போட்ட தூக்குத் தண்டனைக் கைதிக்கும் அதே கேள்விதான். என்ன, அவர் போய் விசாரித்துவிட்டு வர முடியாது.

'கருணை' என்ற வார்த்தையே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் பழைய புலம்பல். ராஜா மனமிரங்கி விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும் 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் இந்த அதிகாரத்தைத் தருகிறது, ஆனால் இரண்டு பேருமே அமைச்சரவை சொல்கிறபடிதான் கையெழுத்துப் போட வேண்டும். 1980-இல் மாரு ராம் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. முழு மன்னிப்புதான் என்றும் இல்லை. தூக்கை ஆயுளாக்கலாம், வருஷத்தைக் குறைக்கலாம், நாளைத் தள்ளிப்போடலாம்.

சரி, இத்தனை கோர்ட் பார்த்த பிறகு எதற்கு இன்னொரு கதவு? ஹர்பன்ஸ் சிங் கதையைச் சொல்கிறேன், இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலும் இறங்கியதில்லை.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நாலு பேர் கொலை. ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் தூக்கு. மூன்று பேரின் பங்கும் ஒன்றேதான், கவனியுங்கள், ஒன்றேதான். ஆனால் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தனித்தனியாகப் போனார்கள், தனித்தனி அமர்வு. ஜீத்தா சிங்கின் மனு தள்ளுபடி. காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்குக்குத் தள்ளுபடி, மறுசீராய்வும் தள்ளுபடி, கூட்டாளிக்குக் குறைத்த விஷயத்தை அந்த நீதிபதிகளிடம் யாரும் எடுத்துச் சொல்லவே இல்லை! கருணை மனுவும் நிராகரிப்பு. 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஹர்பன்ஸ் சிங் சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார். ஜீத்தா சிங்கைத் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

ஒரே குற்றம், மூன்று மேசை, மூன்று முடிவு. 1982-இல் சுப்ரீம் கோர்ட் என்ன செய்தது தெரியுமா? நாங்களே குறைக்கலாம், ஆனாலும் ஜனாதிபதி குறைக்கட்டும் என்று அவருக்குப் பரிந்துரைத்தது. கோர்ட்டே தன் தவறைச் சரிசெய்ய வந்து தட்டிய கதவு இது. இதைப் போய்க் கருணை என்கிறோம். இந்திரா காந்தி கொலை வழக்கில் கேஹர் சிங் மனுவின்போதும், ஜனாதிபதி சாட்சியத்தைத் தானே மறுபடி பார்க்கலாம் என்று 1988 டிசம்பரில் கோர்ட் சொன்னது. ஆனால் நேரில் வாதாட உரிமை இல்லை என்றது. அடுத்த மாதமே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நம்மூர் கதை உங்களுக்குத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் மனுக்களை 1999-இல் ஆளுநர் நிராகரித்தார். அமைச்சரவையைக் கேட்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபடி அமைச்சரவைக்குப் போய், 2000-இல் நளினிக்கு மட்டும் ஆயுளானது. பேரறிவாளன் உள்பட மற்ற மூவரின் மனு ஜனாதிபதியிடம் டெல்லி போனது, 2011-இல்தான் பதில் வந்தது, நிராகரிப்பு. பதினோரு வருஷம்! அந்தத் தாமதத்துக்காகவே 2014-இல் கோர்ட் தூக்கை ரத்து செய்தது. அப்புறம் பேரறிவாளன் விடுதலைக்கு 2018-இல் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்து, அது ஆளுநர் மேசையில் இருந்து, 2021-இல் டெல்லிக்குப் போய், கடைசியில் 2022 மே 18-இல் கோர்ட்டே விடுவித்தது. குண்டுவெடிப்பில் பிள்ளையையும் புருஷனையும் இழந்தவர்கள் நான் பேசுவதைக் கேட்டால் திட்டுவார்கள். திட்டட்டும், அவர்களும் அத்தனை வருஷம் முடிவு தெரியாமல்தானே காத்திருந்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். புதுச் சட்டத்தை விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆவது பிரிவு: மனு போட 30 நாள், ஆளுநர் மறுத்தால் ஜனாதிபதிக்கு மனு போட 60 நாள். ஒரே வழக்கில் பலருக்குத் தூக்கு என்றால், மனு போடாதவரின் விவரத்தையும் சிறை அதிகாரி சேர்த்தே அனுப்ப வேண்டும், ஜனாதிபதி எல்லா மனுவையும் ஒன்றாகவே முடிவு செய்ய வேண்டும். ஜீத்தா சிங் காலத்தில் இது இல்லை. சரி, விளக்கு எரிந்துவிட்டது, வருகிறேன்.