கல்லில் ஏறிய பலேடியம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியைப் பார்த்தால், வெள்ளையாக ஒரு படை இறுகப் பிடித்திருக்கும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைக்க நுரைத்துக் கழலும் அந்தப் படை பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நமது கிணறுகளைச் சூழ்ந்திருக்கும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்து வந்தது. காங்கேசன்துறையில் சிமெந்துக்காகத் தோண்டப்பட்டதும் இந்தக் கல்லேதான். கல்சியம் காபனேற்றுத் தூளில் பலேடியம் என்னும் உலோகத்தைப் படியவைத்து, அதன் வேகத்தை அடக்கச் சிறிது ஈயமும் சேர்த்து, ஹேர்பேட் லின்ட்லார் 1952ஆம் ஆண்டு அறிவித்த ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள், இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. காபன் அணுக்களுக்கிடையிலான மும்மைப் பிணைப்புக்கு ஐதரசனைச் சேர்த்து, இரட்டைப் பிணைப்பிலேயே தாக்கத்தை நிறுத்திவிடுவது அதன் சிறப்பு.

பலேடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம், விலை அதிகம். ஆயினும் காபனோடு காபனைப் பிணைப்பதில் அதற்கு ஈடாக மற்றோர் உலோகத்தைச் சொல்வது கடினம். அத்தகைய தாக்கங்களை வளர்த்தெடுத்தமைக்காகவே ஹெக், நெகிஷி, சுசுக்கி ஆகிய மூவருக்கும் 2010இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கரைந்த நிலையிலுள்ள பலேடியச் சேர்வை நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் தாக்கம் முடிந்த பின்னரே தொடங்குகின்றது. விளைபொருளிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வாயால் உட்கொள்ளும் மருந்தின் வழியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 மைக்கிரோகிராமுக்கு மேல் பலேடியம் சேரக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டலின் வரம்பு. உலோகத்தைக் கனியமொன்றில் ஏற்றிவிட்டால், வடித்து எடுத்து, கழுவி, திரும்பவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இதனால்தான் பலரையும் ஈர்த்தது.

ஏற்றுவதற்குக் களிமண் ஒரு நல்ல தாங்கி. முருங்கன் பக்கத்து வயல்மண் மாரியில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறு உப்பும் களியில் மொன்மொரிலோனைற்று என்னும் கனியம் உண்டு. தாள் தாளாக அடுக்கப்பட்ட அதன் படைகளுக்கிடையே சோடியம், கல்சியம் அயன்கள் தளர்வாக நிற்கின்றன. தூய்மையாக்கிய களியைப் பலேடியம் உப்புக் கரைசலில் இட்டுக் கலக்கினால், அந்த அயன்கள் வெளியேறப் பலேடியம் அவற்றின் இடத்தில் அமரும். மஞ்சட்கபிலக் கரைசல் மெல்ல மெல்ல வெளிற, அடியிலிருக்கும் தூள் நிறமேறுவதைக் கண்ணாலேயே காணலாம். பின்னர் ஐதரசனால் தாழ்த்தும்போது, அதாவது பலேடியம் அயனை உலோகமாக மாற்றும்போது, தூள் கருஞ்சாம்பல் நிறமாகும். நுண்ணிய உலோகத் துணிக்கைகள் உருவாகிவிட்டன என்பதற்கு அதுவே அறிகுறி. எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் ஐதரொட்சிஅபற்றைற்று இன்னொரு தாங்கி. அதன் மேற்பரப்பிலுள்ள கல்சியத்தின் இடத்தைப் பலேடியம் பிடித்துக்கொள்ளும். எப்பாவலவில் இந்த அபற்றைற்றுக் குடும்பத்துக் கனியம் மலையாகவே கிடக்கிறது. ஆனால் வெட்டியெடுத்த பாறையில் இரும்பும் பிறவும் கலந்திருப்பதால், ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரித்த தூளையே நாடுவார்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். மாணவப் பருவத்தில் நாங்கள் இத்தகைய தூளொன்றை ஐந்து தடவை வடித்தெடுத்துப் பயன்படுத்தி, ஐந்து தடவையும் விளைவு குறையவில்லை என்று மகிழ்ந்திருந்தோம். மேற்பார்வை செய்த ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல், தாக்கம் பாதியில் நிற்கும்போது, சூடு ஆறுமுன்பே தூளை வடித்துவிட்டு, தெளிந்த திரவத்தை மட்டும் மறுபடியும் சூடாக்கச் சொன்னார். தூளே இல்லாத அந்தக் குடுவையில் தாக்கம் தொடர்ந்து நடந்தது. வேலை செய்தது கல்லில் இருந்த பலேடியம் அல்ல, கரைந்து வெளியேறிய பலேடியமே.

பாசையூர்க் கரைக்குப் பகலில் போகிறவர், கட்டிக் கிடக்கும் வள்ளங்களைக் கண்டு, இவை கடலுக்கே போவதில்லை என்று நினைத்தால் எப்படியோ, அப்படித்தான் நாங்களும் ஏமாந்தோம். இணைப்பதற்காக இடும் மூலப்பொருளான அயடோபென்சீன் போன்ற சேர்வை சூட்டில் பலேடியத்தைக் கல்லிலிருந்து கழற்றிக் கரைசலுக்குள் இழுக்கும். இணைப்பு வேலை அங்கே நடக்கும். தாக்கம் முடியும் தறுவாயில் உலோகம் கல்லுக்குத் திரும்பிப் படியும். ஆறிய பின்னர் வடித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் கரையில் கட்டியபடியே தோன்றும். எல்லாத் தாக்கங்களிலும் இப்படி நடப்பதில்லை. ஐதரசனேற்றத்தில் உலோகம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்று வேலை செய்கின்றது. ஹெக், சுசுக்கி வகைத் தாக்கங்களில்தான் இந்தச் சந்தேகம் வலுவானது. எனவே தாங்கி வெறும் இருக்கை அல்ல. போனதைத் திரும்பப் பிடிக்கும் ஆற்றலே அதன் தரம் என்பேன்.

திரும்புவதிலும் ஒரு பாதகம் உண்டு. பலேடியம் மீளப் படியும்போது துணிக்கைகள் சுற்றுக்குச் சுற்றுப் பருத்து, வேலை செய்யும் மேற்பரப்பு சுருங்குகின்றது. பத்து நிமிடத்தில் முடியும் தாக்கத்தை ஒருநாள் முழுவதும் விட்டு அளந்தால் இந்தத் தளர்ச்சி தெரியவே மாட்டாது. பாதி வழியில் அளந்தால் இரண்டாம் சுற்றிலேயே தெரியும். ஐந்து சுற்று, பத்துச் சுற்று என்று அறிவிப்போரிடம் நான் முதலில் கேட்பது, எந்த நிமிடத்தில் அளந்தீர்கள் என்பதைத்தான்.

அன்றிலிருந்து வடிதிரவத்தை நாங்கள் கொட்டுவதில்லை. சுற்றுக்கு ஒன்றாகச் சிறு போத்தல்களில் இட்டு, இலக்கமெழுதி அலுமாரியில் வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பலேடியம் இருக்கிறதென்று அளந்த பிறகே அடுத்த சுற்றுக்குத் தூளை எடுக்கிறோம்.

நன்றி, வணக்கம்.