பேனலின் முதுகைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். 2011 டிசம்பர் 30, தானே புயல். அது அடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அதற்குப் பிறகுதான் எங்கள் பகுதியில் சோலார் பேச்சை ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வாட்டு?" அதோடு நிறுத்திவிடுவதில்தான் சிக்கல்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவ நண்பர். வீட்டில் 100 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி இரண்டு, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்கம் பக்கமாக இணைத்தது. மலிவாகக் கிடைத்ததென்று 330 வாட் பேனல் ஒன்றை வாங்கி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியான பழைய சார்ஜ் கன்ட்ரோலரிலேயே மாட்டிவிட்டார். "அண்ணே, மூணு மடங்கு பெரிய பேனலு. ரெண்டு மடங்குகூட ஏற மாட்டேங்குது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார்.

கடைக்காரர் பாவம், ஏமாற்றவில்லை. பேனலைத் திருப்பி முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தோம். 72 செல், அதாவது வெயிலை மின்சாரமாக்குகிற சின்னச் சின்னக் கட்டங்கள். வேலை செய்யும்போது 37 வோல்ட், 9 ஆம்பியர். பழைய பேனல் 36 செல், 18 வோல்ட். செல் ஒன்றுக்கு அரை வோல்ட் என்று மனக்கணக்கு போடலாம். இப்போது வருகிற 144 அரைச்செல் பேனலை மட்டும் 72 என்றே எண்ண வேண்டும்.

12 வோல்ட் பேட்டரிக்கு எதற்கு 18 வோல்ட் பேனல்? சித்திரை வெயிலில் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். சூடு ஏற ஏற வோல்ட் இறங்கும். 18 என்பது பதினைந்து, பதினைந்தரைக்கு வந்துவிடும். பேட்டரி நிறைய 14.4 வேண்டும். வெயிலுக்குப் பயந்து வைத்த உபரிதான் அது.

நண்பர் வீட்டில் இருந்தது பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். அது நம் ஊர் பஸ் கண்டக்டர் மாதிரி. 37 ரூபாயை நீட்டினாலும் டிக்கெட்டுக்கு 13 எடுத்துக்கொள்ளும், மீதிச் சில்லறை வராது. பேனலின் வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடும். ஆம்பியர் அதே 9. பெருக்கினால் 117 வாட். வாங்கிய 330-இல் மூன்றில் இரண்டு பங்கு போச்சு.

எம்.பி.பி.டி. வகை அந்த மீதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். 330-ஐ 13-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர். அதனால் 30 ஆம்பியர் கன்ட்ரோலர். பேட்டரி இரண்டையும் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்கியிருந்தால் பழைய கன்ட்ரோலரே ஓரளவு ஒத்துப்போயிருக்கும். அது 24 வோல்ட்டையும் தாங்கும் வகை. ஆனால் அவருடைய இன்வர்ட்டர் 12 வோல்ட். அந்த வழி அடைபட்டது.

ஒரு எச்சரிக்கை. எம்.பி.பி.டி. என்று மேலே அச்சடித்து உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்கிறார்கள். கையில் தூக்கினால் தக்கையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமானதில் கனமான காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கும். உச்சிவெயிலில், பேட்டரி இறங்கியிருக்கும்போது, பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் ஆம்பியர் அளந்து பாருங்கள். பேனல் 37 வோல்ட் வகையாக இருந்தும் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டினால், அந்தப் பெயர் வெறும் ஸ்டிக்கர்தான்.

இன்னொரு எண்ணையும் ஸ்டிக்கரில் தேடுங்கள்: வி.ஓ.சி. கம்பி எதிலும் சேராதபோது பேனல் காட்டும் வோல்ட். ஆம்பியர் கூடினால் நல்ல கன்ட்ரோலர் "போதும்" என்று நிறுத்திக்கொள்ளும். வோல்ட் எல்லை தாண்டினால் உயிரை விட்டுவிடும். நான் ஒருமுறை 46 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராகக் கோத்து, பேனல் பக்கம் 100 வோல்ட் வரைதான் தாங்கும் கன்ட்ரோலரில் செருகினேன். 138 வோல்ட். கூட்டிப் பார்க்கச் சோம்பல். புகை வந்த பிறகு கூட்டினேன்.

49 வோல்ட் பேனல் இரண்டு என்றால் 98, எல்லைக்குள்தானே என்பீர்கள். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம் வோல்ட் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 99.5. கடலூரில் தப்பிக்கலாம், அதையே ஊட்டிக்குக் கொண்டுபோனால் உறைபனிக் காலையில் 105. வெயில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. லேசாக வெளிச்சம் பட்டாலே வோல்ட் ஏறக்குறைய முழுசாக வந்துவிடும், ஆம்பியர்தான் வெயிலுக்குக் காத்திருக்கும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். உப்புக்காற்று ஊர் நமது. டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

நண்பர் 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. வாங்கி மாட்டிவிட்டார். பழைய கன்ட்ரோலரும் பழைய 100 வாட் பேனலும் வலை கட்டுகிற கொட்டகைக்குப் போயின. இன்னொரு சின்ன பேட்டரி, இரண்டு எல்.இ.டி. பல்பு. ராத்திரியில் அங்கேதான் இப்போது ஜமா கூடுகிறது.