மேட்டில் வாய் திறந்த காப்பி

வணக்கம் நேயர்களே.

காப்பியை ருசி பார்த்துத் தரம் சொல்வது என் தொழில். நண்பர் ஒருவர் பனாமாவிலிருந்து கொஞ்சம் கெய்ஷா காப்பிக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். அரைத்து வடித்து, பால் சர்க்கரை எதுவும் சேர்க்காமல் அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர், "என்னடா இது, மல்லிப்பூ போட்ட டீத்தண்ணி மாதிரி இருக்கு" என்றார். திட்டத்தான் திட்டினார். ஆனால் ருசி மேசையில் இந்தக் காப்பிக்கு எல்லோரும் முதலில் எழுதும் வார்த்தையும் மல்லிகைதான்.

இந்தச் செடிக்குப் பூர்வீகம் பனாமா கிடையாது. தென்மேற்கு எத்தியோப்பியாவில் கெஷா என்றொரு வட்டாரம். அங்குள்ள காட்டில் 1930-களில் எடுத்த விதை இது. ஜப்பானியக் கெய்ஷா பெண்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் எழுத்துக்கூட்டல் செய்த குழப்பம். விதை முதலில் தான்சானியாவுக்குப் போனது. 1953-இல் கோஸ்டா ரிக்காவின் ஆராய்ச்சி மையத்துக்கு வந்து, 'டி 2722' என்ற எண்ணோடு வரிசையில் நின்றது. இலைத்துரு நோயைத் தாங்குகிறதே என்று 1960-களில் பனாமா விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர்களுக்கு இது பிடிக்கவும் இல்லை. நெட்டையாக வளரும், கிளை சட்டென்று ஒடியும், காய்ப்பும் குறைச்சல். தோட்டத்து மூலையில் ஏதோ நின்றது. அதன் பழமும் மற்றப் பழங்களோடு ஒரே சாக்கில் விழுந்தது. அப்புறம் அதன் குணம் எப்படித் தெரியும்?

பனாமாவின் பாரு எரிமலை 3,474 மீட்டர் உயரம். அதன் சரிவில் இருக்கிறது போக்கெட்டே என்ற ஊர். அங்கே எஸ்மரால்டா தோட்டத்தை வைத்திருக்கும் பீட்டர்சன் குடும்பத்தார், இலைப்புள்ளி நோய் வந்தபோது கெய்ஷா மட்டும் தாக்குப்பிடித்ததைக் கவனித்து, அதை 1,600 மீட்டருக்கு மேலேயும் நட்டார்கள். பிறகு டேனியல் பீட்டர்சன், தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிப் பழத்தையும் தனித்தனியே பதப்படுத்தி ருசி பார்த்தார். மேட்டுக் கெய்ஷா தனியாகத் தெரிந்தது. 2004-இல் 'பெஸ்ட் ஆஃப் பனாமா' போட்டியில் முதல் பரிசு. சந்தையில் காப்பி பவுண்டு ஒரு டாலரைச் சுற்றி விற்ற காலத்தில், ஏலத்தில் 21 டாலருக்குப் போனது. 2007-இல் 130 டாலர்.

சரி, அந்த மேட்டில் அப்படி என்ன இருக்கிறது? நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். 600 மீட்டர் ஏறினால் மூன்றரை டிகிரி. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கீழே அவசர அவசரமாகச் சிவக்கிற பழம், மேலே பல வாரம் பிந்தி, நிதானமாகப் பழுக்கிறது. கொட்டை இறுகுகிறது, இனிப்பும் புளிப்பும் ஏற அவகாசம் கிடைக்கிறது. போதாததற்குப் 'பஹரெக்கே'. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. கரீபியன் பக்கத்துக் காற்று மலையைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வரும் பூந்தூறல் அது. வெயில் அடிக்கும்போதே தூறுவதால் அடிக்கடி வானவில் தெரியும்.

உயரம்தான் எல்லாம் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே மேட்டில் வளரும் கட்டுவாய் ரகமும் நல்ல காப்பிதான், சுத்தமான புளிப்பு. ஆனால் மல்லிகை வராது. அந்த வாசனை விதையோடு வந்தது. குளிர் அதற்கு வாய் திறந்துவிட்டது, அவ்வளவே.

ருசி மேசையில் 150 மில்லி வெந்நீருக்கு எட்டேகால் கிராம் தூள் போடுவோம். நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டியிருக்கும் தூளைக் கரண்டியால் உடைக்கும்போது, முகத்தில் முதலில் அடிப்பது பூ வாசனை. கொஞ்சம் ஆறியதும் பெர்கமாட் வாசனை என்பார்கள், எலுமிச்சை வகையில் ஒரு பழம் அது. எனக்கென்னவோ அந்த வாசனை நாரத்தங்காய்த் தோல்தான். இன்னும் ஆறினால் பீச் பழம் மாதிரி ஓர் இனிப்பு. கறுக்க வறுத்தால் இதில் ஒன்றும் மிஞ்சாது, வெறும் கசப்புதான்.

மீதமிருந்த தூளை மறுநாள் அம்மா ஃபில்டரில் போட்டு, சிக்கரி சேர்த்து, திக்காகப் பால் ஊற்றிக் கொடுத்தார். மல்லிகை போன இடம் தெரியவில்லை. "இப்பதான் காப்பி" என்றார். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

நன்றி, வணக்கம்.