வால்வுக்குக் காற்று எங்கே படவேண்டும்?

வணக்கம் நண்பர்களே. மேஜையில் இருப்பது நான் வீட்டில் கட்டிய ஷார்ட்வேவ் ஆம்ப்ளிஃபையர், அதாவது என் அமெச்சூர் ரேடியோ சிக்னலின் பவரைக் கூட்டும் பெட்டி. உள்ளே ஒரே ஒரு 3-500இசட் வால்வு, பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழல். போன மாதம் ஒரு ராத்திரி, எஃப்டி8-ல் (கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ரேடியோ முறை) அனுப்பிக்கொண்டிருந்தபோது, வால்வுக்குள் சூடாகி ஒளிரும் கம்பியான இழை சட்டென்று மங்கியது, எரிந்தது, மறுபடி மங்கியது. வால்வு போய்விட்டது என்றே நினைத்தேன். மனசு கேட்கவே இல்லை. நல்ல வால்வு இன்றைக்குக் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளை டிஸ்சார்ஜ் செய்து, ஆற விட்டு, வால்வைக் கழற்றினேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். அடியில் ஐந்து பின்கள். ஓரத்து இரண்டும் இழைக்கு. இந்தப் பின்னின் நுனியைப் பாருங்கள்: ஈயம் உருகி வழிந்து, நடுவில் குழி விழுந்திருக்கிறது. வால்வு நன்றாகத்தான் இருந்தது. பின்தான் வெந்துபோயிருந்தது.

வால்வுக்குள் இழையைச் சுற்றி நிற்கும் உலோகத் தட்டு சிவப்பதைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். இந்த வால்வின் தட்டு சிவந்தே வேலை செய்யும். 500 வாட் சூட்டைத் தாங்கும், அதில் பெரும்பங்கு கதிர்வீச்சாகவே வெளியே போய்விடும். தாங்காதது, உலோகம் கண்ணாடிக்குள் நுழைகிற இடம். அடியில் 200 டிகிரி, மேலே தட்டின் முனையில் 225 டிகிரி செல்சியஸ், அதோடு சரி. இழையோ 5 வோல்ட்டில் 14.5 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட்டின் பிடி தளர்ந்து 0.01 ஓம் கூடினாலே, அந்த ஒரு பின்னில் 2 வாட் சூடு. என் பழைய ஃபேன் பின்பக்கம் நின்று கண்ணாடியின் வயிற்றில்தான் ஊதியது. மைக்கில் பேசும்போது இடையிடையே ஓய்வு கிடைக்கும், அதனால் ஓடிவிட்டது. எஃப்டி8-ல் ஒவ்வொரு முறையும் 12.6 விநாடி முழு பவர்.

அப்புறம் என்ன செய்தேன்? சேசிஸின், அதாவது சாக்கெட் பொருத்திய உலோகப் பெட்டியின், அடிப்பக்கத்தை முழுதாக மூடி, பக்கத்தில் ஒரு ப்ளோயர் வைத்தேன். காற்று சாக்கெட் வழியாக ஏறி, பின்களைத் தொட்டு, வால்வைச் சுற்றி நிற்கும் கண்ணாடிச் சிம்னிக்குள் போய், வால்வின் உச்சியில் தட்டின் முனை இருக்கும் மேல் தொப்பியைக் கடந்துதான் வெளியேற முடியும். கம்ப்யூட்டர் ஃபேன் இதற்குச் சரிவராது. வெட்டவெளியில் நிறைய ஊதும், எதிரழுத்தம் வந்ததும் திணறிவிடும்.

தேவையான அழுத்தம் சுமார் 2 மில்லிமீட்டர் நீர்மட்டம்தான், அதாவது தண்ணீரை 2 மில்லிமீட்டர் உயர்த்தும் அளவு. அதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? மீன்தொட்டிக் குழாயின் ஒரு முனையைச் சேசிஸுக்குள் விட்டேன். மறுமுனையை ஓர் அகலப் பாட்டிலின் மூடியில் இறுக்கினேன். பாட்டிலில் மை கலந்த தண்ணீர். அதன் அடியிலிருந்து இன்னொரு குழாய், ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் படுத்திருக்கிறது. 2 மில்லிமீட்டர் ஏறினால், சரிவில் 10 மில்லிமீட்டர் நகரும். பாருங்கள், 6-ல் நின்றுவிட்டது. எங்கேயோ கசிவு. ஊதுபத்தியை மூலைகளில் காட்டினேன். மெயின்ஸ் ஒயர் நுழையும் ஓட்டையில் புகை விலகி ஓடியது. அலுமினிய டேப் ஒட்டியதும் 11. உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்துவிட்டு, ப்ளோயரை மட்டும் ஓடவிட்டு இதைச் செய்யுங்கள். உள்ளே 3000 வோல்ட் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் அனுப்பாதபோதும் இழை மட்டும் 72 வாட் சூடு தருகிறது. அதனால் ப்ளோயரும் இழையும் ஒரே சுவிட்சில்தான் எரியும், ஆனால் சேர்ந்து அணையாது. இப்போது இழையை அணைக்கிறேன். டைமர் ப்ளோயரை இன்னும் மூன்று நிமிடம் ஓட்டும். அந்தச் சத்தம் அடங்கும் வரை நான் மூடியைத் தொடமாட்டேன்.