பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும்

நேயர்களுக்கு என் வணக்கம். திருச்சபைகளில் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கென்று நடக்கும் குழுக்களில் பிறந்தநாளை எவ்வாறு கொண்டாடலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அத்தகைய குழு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் கடைசியாக நிற்கும் பெண்ணுக்குச் செய்ய முடியாத எதையும் முதலில் நிற்கும் பெண்ணுக்குச் செய்யக் கூடாது.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகப் பொறுப்பேற்றவர் ஆண்டின் தொடக்கத்தில் மிகுந்த உற்சாகத்தோடு இருப்பார். ஜனவரியில் பிறந்தவளுக்குப் பலூன், கேக், பரிசு, பாட்டு எல்லாம் உண்டு. மார்ச்சில் பலூன் இராது. தேர்வுகள் நெருங்கும் மாதத்தில் பாட்டு மட்டும் இருக்கும். குழுவே கூடாத விடுமுறை வாரத்தில் பிறந்தவளுடைய நினைவு, இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருத்தி, "அக்கா, இவளுக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லையே" என்று சொல்லும்போதுதான் வரும். போதகரின் மகளுக்கோ சபையே திரண்டு வரும். பதின்பருவத்தில் இருக்கும் பெண்கள் கணக்கு வைப்பதில் வல்லவர்கள். யாருக்கு எத்தனை மெழுகுவர்த்தி, யாருக்கு எந்த நிறத் தாளில் பரிசு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் தங்களுள் யார் முக்கியமானவள் என்பதற்கான விடையை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

கிறிஸ்தவர்கள் பிறந்தநாளைக் கொண்டாடவே கூடாது என்று கருதுபவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர் அவ்வாறே நடக்கிறார்கள். அந்தக் கருத்து பழமையானது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் என்ற இறையியலாளர், வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் எல்லாரும் தீயவர்களே என்று சுட்டிக்காட்டினார். ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில் பார்வோன் தன் பிறந்தநாளில் ஒருவனைத் தூக்கிலிடுகிறான். மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஏரோதுவின் பிறந்தநாளில் யோவான்ஸ்நானனின் தலை வெட்டப்படுகிறது. ஆரம்ப காலச் சபை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகள் இறந்த நாளையே அவர்களுடைய பிறந்தநாளாக நினைவுகூர்ந்தது. பின்னாளில் சபை நாட்காட்டியில் டிசம்பர் 25-இல் இயேசுவின் பிறப்போடு, ஜூன் 24-இல் யோவான்ஸ்நானனின் பிறப்பும் செப்டம்பர் 8-இல் மரியாளின் பிறப்பும் இடம்பெற்றன. எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்வதற்காக இதை நான் எடுக்கவில்லை. ஏரோதுவின் அந்த விருந்தை, பெண்பிள்ளைகளை வழிநடத்துகிறவர்கள் வேறொரு காரணத்துக்காக நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்த விருந்தில் ஒரு சிறுபெண் இருக்கிறாள். பிரபுக்களும் சேனாதிபதிகளும் கலிலேயாவின் பெரிய மனிதர்களும் அமர்ந்திருக்கும் சபையில் அவள் நடனமாட வேண்டியிருக்கிறது. எது வேண்டுமானாலும் கேள், ராஜ்யத்தில் பாதியையும் தருகிறேன் என்று அரசன் சத்தியம் செய்கிறான். அவள் வெளியே போய்த் தன் தாயிடம், நான் என்ன கேட்கட்டும் என்று கேட்கிறாள். தாய் சொன்னபடி யோவானின் தலையைக் கேட்டு வாங்கி, தாயிடமே கொடுத்துவிடுகிறாள். தனக்கென்று ஒன்றையும் அவள் கேட்கவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது ஒரே ஒரு அதிகாரம் பின்னே செல்லுங்கள். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் இறந்துபோன மகள் வருகிறாள். சுவிசேஷகர் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை, ஆனால் 12 வயதுள்ளவள் என்று வயதை மறவாமல் குறிக்கிறார். அங்கே கூடியிருந்த கூட்டத்தை இயேசு வெளியே அனுப்பிவிடுகிறார். தாய், தகப்பன், பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோர் மட்டுமே உள்ளே இருக்கிறார்கள். அவளுடைய கையைப் பிடித்து உயிரோடு எழுப்புகிறார். பிறகு அவர் சொல்லும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். ஒரு மண்டபத்தில் ஒரு பெண் பெரியவர்களின் மகிழ்ச்சிக்காகக் காட்சிப்பொருளாக நிற்கிறாள். ஒரு சிறிய அறையில் இன்னொரு பெண்ணுக்குப் பசிக்கும் என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார். எங்கள் குழுவில் நடப்பது இவற்றுள் எதைப் போல இருக்கிறது என்று ஒவ்வொரு பொறுப்பாளரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். கூச்சம் மிகுந்த ஒருத்தியை மேடையில் நிறுத்தி, சாட்சி சொல், பாட்டுப் பாடு, நடனமாடு என்று எல்லாரும் கைதட்டி வற்புறுத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் அவளுடையது, கொண்டாட்டம் மட்டும் மற்றவர்களுடையது.

ஆகவே, பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, உனக்கு எது சங்கடம் என்று கேட்டுவிடுவது நல்லது. எது பிடிக்கும் என்று கேட்டால் "எதுவானாலும் சரி, அக்கா" என்றுதான் பதில் வரும். எது வேண்டாம் என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். பாட்டு வேண்டாம், முகத்தில் கேக் பூச வேண்டாம், என் வயதைச் சொல்ல வேண்டாம், அப்பாவைப் பற்றி ஜெபத்தில் குறிப்பிட வேண்டாம் என்பார்கள். இவை எல்லாம் ஒரு பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். பிறந்தநாள் என்ற சாக்கு இல்லாமல் இவற்றைக் கேட்டு அறிவது கடினம்.

நாங்கள் செய்துவந்தது மிகவும் எளியது. அரைத்தாள் அளவில் ஒரு வெள்ளை அட்டை. அதில் குழுவில் உள்ள ஒவ்வொருத்தியும் ஒரு வரி எழுத வேண்டும். 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதக் கூடாது. நீ நல்லவள், நீ அழகானவள் என்றும் எழுதக் கூடாது. அந்தப் பெண் செய்து, எழுதுபவள் தன் கண்ணால் கண்ட ஒரு செயலை எழுத வேண்டும். "நான் வேதபாடம் வாசிக்கும்போது திக்கினேன், நீ சிரிக்கவில்லை." "மழையில் என் பையை உன் குடைக்குள் பிடித்துக்கொண்டு நீ நனைந்தாய்." இப்படித்தான் வரிகள் இருக்கும். சிலருக்கு அட்டை மளமளவென்று நிரம்பிவிடும். ஒரு பெண்ணுடைய முறை வந்தபோது அட்டை சுற்றிச் சுற்றி வந்தும் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தது. "அவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாதே, அக்கா" என்றார்கள். பொய் வரி எழுதி நிரப்புவதைவிட அந்த விடை மேலானது என்று எனக்குத் தோன்றியது. பிறந்தநாளுக்கு மூன்று வாரம் மீதம் இருந்ததால், எழுதாதவர்கள் அதுவரை கவனித்துவிட்டு எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாரத்தில் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவைப்பது நீதான் என்று இந்த மாதம்தான் பார்த்தேன்." அன்று முதல், வரப்போகும் மாதத்துப் பெயர்களை முன்கூட்டியே அறிவிப்பது எங்கள் வழக்கமாயிற்று.

அட்டையோடு ஒரு வசனமும் ஒரு ஜெபமும் சேரும். வசனத்தைப் பற்றி ஒரு சொல். 'நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்' என்ற 139-ஆம் சங்கீதத்தின் வார்த்தை மிக அருமையானதுதான். ஆனால் ஐந்து ஆண்டுகளில் ஐந்து முறை அதையே வாங்கிய பெண்ணுக்கு அது அச்சடித்த வாழ்த்தாகிவிடும். அந்த ஆண்டில் அவள் என்ன கடந்து வந்தாள் என்பதைப் பார்த்து வசனத்தைத் தேர்ந்தெடுக்கக் கால்மணி நேரம் போதும். பொறுப்பாளர் சொந்தப் பணத்தில் பரிசு வாங்கித் தருவதை நான் ஆதரிப்பதில்லை. அடுத்து வருபவருக்கு அந்த வசதி இல்லாமல் போகலாம். மேலும் திரும்பத் தர இயலாத வீட்டுப் பெண்களுக்கு அது பாரம். கேக் வேண்டுமானால் அந்த மாதத்தில் பிறந்த எல்லாருக்கும் சேர்த்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுவிட வேண்டும். அட்டையும் ஜெபமும் மட்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். யோபுவின் பிள்ளைகள் தத்தம் நாளில் விருந்து வைத்து, மூன்று சகோதரிகளையும் அழைப்பார்கள் என்று யோபு முதலாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்த நாள் பிறந்தநாளே என்று கொள்ளும் விளக்கவுரையாளர்கள் உண்டு. விருந்து முடிந்தபின் யோபு அதிகாலையில் எழுந்து, மொத்தமாக ஒரு பலி செலுத்தாமல், பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி செலுத்துகிறார்.

சில பிறந்தநாள்கள் தனிக் கவனம் கேட்பவை. கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவளுக்குச் சபையில் அன்று எல்லாம் இருக்கும், அவளுக்கென்று ஒன்றும் இராது. எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், இந்தக் குறையோடு இருந்த ஆனி ஐடு என்ற சிறுமிக்கு, நவம்பர் 13 என்ற தம் சொந்தப் பிறந்தநாளையே 1891-இல் சட்டப் பத்திரம் போல எழுதிக் கொடுத்துவிட்டார். நாம் பத்திரம் எழுத வேண்டியதில்லை. அவள் விரும்பும் வேறொரு வாரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். பிப்ரவரி 29-இல் பிறந்தவளிடமும், பிறந்த தேதியே தெரியாத பெண்ணிடமும் அப்படியே கேட்கலாம். தன் வீட்டு நம்பிக்கையின்படி பிறந்தநாள் கொண்டாடாத பெண் குழுவுக்கு வந்தால், அவளை விலக்கவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். அவள் சேர்ந்த நாளையோ வேறு எந்த நாளையோ காரணமாக வைத்து அதே அட்டையை அவளுக்கும் எழுதலாம்.

தாயை இழந்த பிறகு வரும் முதல் பிறந்தநாள் வேறு வகை. இன்னும் சிலர், பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று பிறந்தநாளன்றுதான் முதன்முறையாகச் சொல்வார்கள். அப்போது நல்ல நாளில் அப்படிப் பேசாதே என்று வாயை அடைத்துவிடுவது நம் இயல்பு. யோபு 3-ஆம் அதிகாரத்திலும் எரேமியா 20-ஆம் அதிகாரத்திலும் தேவமனிதர்கள் தாங்கள் பிறந்த நாளைச் சபிக்கிறார்கள். வேதம் அந்தச் சொற்களை நீக்காமல் வைத்திருக்கிறது. அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை கேட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே வினவ வேண்டும். இருக்கிறது என்றால் அதை இரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காமல், அவளைத் தனியே விடாமல், அவள் நம்பும் பெரியவர் ஒருவரிடமும் மருத்துவரிடமும் அன்றைக்கே அழைத்துச் செல்ல வேண்டும். ஜெபம் அதற்கு மாற்று ஆகாது, அதனோடு செல்லலாம்.

கைப்பேசிக் குழுவில் வாழ்த்துப் போடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வாழ்த்துப் போடலாம்; பிறந்த ஆண்டும், முழுப் பெயரும், பள்ளியின் பெயரும், புகைப்படமும் ஒன்றாகச் சேர்ந்து பொதுவெளியில் போகக் கூடாது. படத்துக்குப் பெண்ணின் சம்மதமும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பதிவேடு பொறுப்பாளரிடமே இருக்கட்டும், சுவரில் ஒட்டுவதானால் நாளும் மாதமும் போதும்.

பதிவேடு என்றதும் நினைவுக்கு வருவது, பெயர் மட்டும் இருந்து ஆள் வராத பெண்கள். ஆறு மாதமாக வராத ஒருத்தியின் வீட்டுக் கதவைக் காரணமில்லாமல் தட்டினால், ஏன் வரவில்லை என்ற விசாரணையாகவே அது தெரியும். பிறந்தநாளன்று அட்டையோடு போனால் அப்படித் தெரியாது. அந்த வாசலில் மறுபடியும் கூட்டத்துக்கு வா என்று ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்பது என் கண்டிப்பான கொள்கை. சொன்னால் அட்டை அழைப்பிதழாகிவிடும், அடுத்த ஆண்டு கதவு திறக்காது.

வயது மாறும் எல்லைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 12 வயது நிறையும் அன்றே பெண்ணைச் சிறுவர் வகுப்பிலிருந்து மாற்றினால், அவள் தோழிகளை விட்டுத் தனியாக ஒரு புதிய அறைக்குள் நுழைய வேண்டியிருக்கும். 1869 முதல் இளம்பெண்களுக்கென்று அமைப்பு நடத்திவரும், அமெரிக்காவில் தோன்றிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 2019 முதல் இந்த முறையை மாற்றி, அந்த ஆண்டில் 12 வயதாகும் எல்லாரையும் ஜனவரியிலேயே சேர்த்து அனுப்புகிறது. எந்தச் சபையும் எடுத்துக்கொள்ளத்தக்க ஏற்பாடு அது.

மறுமுனையில் 18-ஆம் பிறந்தநாள். அன்றே பதிவேட்டில் பெயரை அடித்துவிடும் குழுக்கள் உண்டு. பெரியவர்களின் குழுவில் அவளை இன்னும் ஒருவருக்கும் தெரியாது. பெரும்பாலும் படிப்புக்கோ வேலைக்கோ வேறு ஊர் போயிருப்பாள். ஆகவே பெயரை இன்னும் ஓர் ஆண்டு பட்டியலில் வைத்திருந்து, 19-ஆம் பிறந்தநாளுக்கு அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்ட பிறகு எடுத்துவிடுங்கள். அதற்குள் புதிதாகச் சேர்ந்த சிறுமிகள் அவளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் வரி எழுத வேண்டியதில்லை, தங்கள் பெயரை எழுதினால் போதும். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.