கொல்லைப்புறமாக வந்தவர்கள்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் இன்றைய முறை தொடர வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்; மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எதிரணியின் வாதம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் இமாச்சலப் பிரதேசத்துக் கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தார். ஆனால் அவசரத்தில் அதன் சுவையான பாதியை விட்டுவிட்டார் என்பதால், அந்தக் கதையை நானும் ஒருமுறை சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். 2024 பிப்ரவரி 27 அன்று, ஒரே ஓர் இடத்துக்குத் தேர்தல். 68 பேர் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 40 பேர், பாரதிய ஜனதா கட்சிக்கு 25 பேர், சுயேச்சைகள் 3 பேர். காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்வி வெல்வார் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் காங்கிரசில் ஆறு பேர் பாரதிய ஜனதா வேட்பாளருக்கு மாற்றி வாக்களித்தார்கள், மூன்று சுயேச்சைகளும் அதே பக்கம் சாய்ந்தார்கள், எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் சரிசமமாக 34 வாக்குகள். பெயர்களை எழுதிச் சீட்டுக் குலுக்கினார்கள். சிங்வியின் பெயர் வந்தது. உடனே நீங்கள் கைதட்டப் போகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள்: பெயர் வந்ததால் அவர் தோற்றார்! நம் வீட்டுப் பெண்கள் கட்டுகிற குலுக்கல் சீட்டில் பெயர் வந்தால் கையில் பணம் வரும். அந்தக் குலுக்கலிலோ பெயர் வந்தவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார், பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிற பெயருக்கு உரியவர் ஆறு ஆண்டுகளுக்குத் தில்லி செல்வார். வாழ்த்துச் சொல்லக் கை நீட்டியவர் அதே கையால் முதுகைத் தட்டி ஆறுதல் சொல்ல வேண்டிய ஒரு குலுக்கலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இது தேர்தலா, சூதாட்டமா என்று எதிரணி கேட்டது. நான் திருப்பிக் கேட்கிறேன்: மாற்றி வாக்களித்த அந்த ஆறு பேர் யார் யார் என்று நாட்டுக்கு எப்படித் தெரிந்தது? கட்சியைச் சேர்ந்த உறுப்பினர், வாக்குச் சீட்டைத் தம் கட்சி முகவரிடம் காட்டிய பிறகே பெட்டியில் போட வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் ஏற்படுத்திய வெளிப்படை முறையால் தெரிந்தது. அடுத்த இரண்டே நாட்களில், நிதிநிலை அறிக்கையின்போது கட்சிக் கொறடா உறுப்பினர்களுக்கு இட்ட ஆணையை மீறியதற்காக அந்த ஆறு பேரும் பதவி இழந்தார்கள். இடைத்தேர்தலில் அவர்களுள் நால்வரை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருவர் வென்றார்களே என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. வென்றார்கள், அதுவும் மக்கள் சொன்ன தீர்ப்புத்தான்.

அமெரிக்கா 1913-இலேயே செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறிவிட்டது என்றார்கள். அதற்கு நான் எழுதி வந்த பதில் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஏனெனில், எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “மக்களிடம் தோற்றவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிற இடம்தான் மாநிலங்களவை.” நீங்களும் கைதட்டினீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்ற ஒருவர் அதே ஆண்டில் மாநிலங்களவைக்குச் சென்றார். அவர் பெயர் அண்ணாதுரை. 206 பேர் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் அவருடைய கட்சிக்கு இருந்தவர்கள் 50 பேர் மட்டுமே. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, அதிக வாக்குப் பெற்றவருக்கே இடம் என்று வைத்திருந்தால், பெரிய கட்சி எல்லா இடங்களையும் வாரிக்கொண்டு போயிருக்கும். வலிமைக்கு ஏற்றபடி பங்கு தரும் விகிதாசார முறை இருந்ததால், சிறுபான்மையாக இருந்த அந்த 50 பேரும் தம் தலைவரைத் தில்லிக்கு அனுப்ப முடிந்தது. தலைநகரில் தமிழகத்தின் குறையை அவர் எழுந்து நின்று பேசினார். காஞ்சிபுரத்தில் தோற்ற ஐந்தாம் ஆண்டில் அவரே இந்த மாநிலத்தின் முதலமைச்சர். எதிரணித் தலைவரே, அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று கேட்கவா நீங்கள் இந்த மேடை ஏறினீர்கள்?

இன்னொருவர் இருக்கிறார். குடியரசின் முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் நின்றார், தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்றார், மறுபடியும் தோற்றார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை தந்த அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் அவர். அவர் எழுதித் தந்த உரிமையைக் கையில் வாங்கிய நாம், அதைக் கொண்டே அவரை இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேண்டும் என்று சொன்னது மாநிலங்களவை ஒன்றுதான். 1952-இல் பம்பாய் மாகாணத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவரை அங்கே அனுப்பினார்கள், 1956-இல் மீண்டும் அனுப்பினார்கள். நோய் உடலை அரித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவருக்கென்று அங்கே ஓர் இருக்கை இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் கண்மூடியபோதும் அவர் அந்த அவையின் உறுப்பினராகவே இருந்தார்.

அவரைப் பார்த்தும் கொல்லைப்புறம் என்று சொல்ல எதிரணித் தலைவருக்கு நா எழுமானால், எழுந்து நின்று சொல்லட்டும். நான் அமர்கிறேன்.